அல்ட்ராசவுண்டு பார்த்து ஆர்ட்டீரியல் லைன் போடுவது: எந்த முறை, எந்த வரிசை

ஆர்ட்டீரியல் லைன் என்பது ரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து பார்க்கவும் ரத்த மாதிரி எடுக்கவும் தமனிக்குள் வைக்கும் மெல்லிய குழாய். நாடி பிடித்து ரேடியல் தமனியில் (மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் துடிப்பது) அதைப் போடத் தெரிந்தவர்கள்கூட அல்ட்ராசவுண்டு ப்ரோப் கையில் வந்ததும் தடுமாறுகிறார்கள். ரத்தம் வருகிறது, கேனுலா (ஊசியின் மேல் வரும் பிளாஸ்டிக் குழாய்) ஏறுவதில்லை. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: திரையில் தெரியும் வெள்ளைப் புள்ளியை ஊசியின் முனை என்று நம்பிவிடுகிறார்கள். அது ஊசியின் நடுத்தண்டாகவும் இருக்கலாம், முனை அதைத் தாண்டித் தமனியின் பின்சுவரில் செருகி நிற்கலாம். தமனியைக் குறுக்காகப் பார்ப்பதா (ஷார்ட் ஆக்சிஸ்), நீளவாக்கில் பார்ப்பதா (லாங் ஆக்சிஸ்) என்று ஐசியுவில் நடக்கும் வாக்குவாதம் எல்லாம் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து நிற்கும்: முனை இப்போது எங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா?

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கத்து மருத்துவமனைகளில் ஐசியு, தியேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் ஹவுஸ் சர்ஜன்களையும் பிஜி மாணவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். படித்துவிட்டுத் தனியாக இறங்க வேண்டாம். முதல் சில லைன்களுக்கு அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

1. லைன் தேவையா என்று முதலில் கேளுங்கள்

ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும் செப்டிக் ஷாக், வென்டிலேட்டரில் இருந்து அடிக்கடி ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயு அளவுகளைப் பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டியவர், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கக்கூடிய பெரிய அறுவை சிகிச்சை. இவர்களுக்கு லைன் தேவை. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலும் ஸ்க்ரப் டைஃபஸும் முற்றி ஷாக்கில் வருபவர்கள், பூச்சிமருந்து குடித்து வென்டிலேட்டருக்குப் போனவர்கள் இதில் அடக்கம். ஒரே ஒரு ஏபிஜிக்காக லைன் போடுவது வேண்டாத வேலை.

பாம்புக்கடியில் இன்னும் யோசிக்க வேண்டும். நடவு, அறுவடை நாட்களில் கண்ணாடிவிரியன் கடித்து வருபவர்களில் பலருக்கு ரத்தம் உறையாது. 20 நிமிட உறைதல் சோதனையில் ரத்தம் திரவமாகவே இருந்தால், விஷமுறிவு மருந்து கொடுத்து உறைதல் திரும்பும்வரை தமனியைத் தொடாமல் இருப்பதே நல்லது. கஃப்பில் அழுத்தம் பார்த்து, சிரை ரத்தத்தில் கேஸ் பார்த்து எவ்வளவோ ஓட்டலாம். அதற்கும் வழியில்லாத ஷாக் என்றால், வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கக்கூடிய இடமாக, அதாவது மணிக்கட்டில், அங்கிருப்பவர்களில் கை தேர்ந்தவர் அல்ட்ராசவுண்டு பார்த்துப் போடட்டும். தொடையிலும் அக்குளிலும் வேண்டாம். அங்கே உள்ளே கசியும் ரத்தம் வெளியே தெரியாது.

2. எந்தக் கை, எந்த இடம்

முதலில் ரேடியல். தோலுக்கு அருகில் இருக்கிறது, அடியில் எலும்பு இருப்பதால் அமுக்கிப் பிடிக்க முடிகிறது, கைக்குச் சுண்டுவிரல் பக்கத்து அல்நார் தமனி வழியாகவும் ரத்தம் வருகிறது. பாம்பு கடித்து வீங்கிய கையையும், டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்தது) உள்ள கையையும், ஃபிஸ்டுலா வைக்கத் திட்டமிட்டிருக்கும் கையையும் விட்டுவிடுங்கள். டெல்டாவில் சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வருபவர்கள் ஏராளம், எனவே இதைக் கேட்காமல் ஊசியை எடுக்காதீர்கள்.

மணிக்கட்டில் கறுப்புக் கயிறோ, நாகூர் தர்காவில் கட்டிய கயிறோ, காப்போ, வளையலோ இருக்கும். கத்தரியை எடுத்து வெட்டிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. வீட்டுக்காரர்கள் வெளியே பதறிக்கொண்டு நிற்கும்போது அது தேவையில்லாத சண்டையில் முடியும். "அம்மா, இந்தக் கயித்தைக் கழட்டி உங்க கையில குடுத்துடறோம், இங்கதான் ஊசி போடணும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்களே வந்து அவிழ்த்துத் தருவார்கள். லைன் ஏன் போடுகிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்குவதையும் அப்போதே முடித்துவிடலாம்.

ஆலன் சோதனையை (இரண்டு தமனியையும் அமுக்கி, அல்நாரை மட்டும் விட்டால் உள்ளங்கை சிவக்கிறதா என்று பார்ப்பது) வழக்கத்துக்குச் செய்யுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். லைன் போட்டபின் கையில் ரத்தஓட்டம் கெடுமா என்பதை அது உறுதியாக முன்கூட்டிச் சொல்வதில்லை. அதைவிட உருப்படியான வேலை, இரண்டு மணிக்கட்டிலும் ப்ரோப்பை வைத்துப் பார்ப்பது. தமனியின் விட்டம், ஆழம், சுவரில் சுண்ணாம்புப் படிவு, வளைவு ஆகிய நான்கையும் பாருங்கள். பெரியவர்களில் ரேடியல் சாதாரணமாக 2 முதல் 3 மி.மீ. விட்டம் இருக்கும். 20 கேஜ் கேனுலாவின் வெளிவிட்டமே சுமார் 1.1 மி.மீ. என்பதால், ஒல்லியான பாட்டியின் 1.5 மி.மீ. தமனியில் அதை அடைத்தால் ஓட்டத்துக்கு மிச்சம் அதிகமில்லை. அங்கே அதைவிட மெல்லிய 22 கேஜ் எடுங்கள்.

மணிக்கட்டில் ஏற்கெனவே நாலைந்து பேர் குத்தி ரத்தக்கட்டு ஆகியிருந்தால், ப்ரோப்பை முழங்கைப் பக்கமாக நகர்த்திக்கொண்டே போங்கள். முன்கையின் நடுப்பகுதியில் தமனி ஆழமாக இருக்கும், ஆனால் கைபடாமல் சுத்தமாக இருக்கும். நாடி பிடித்துக் குத்துபவருக்குக் கிடைக்காத வசதி இது. ரேடியலில் தோற்ற அதே கையில் அல்நாரைக் குத்தக் கூடாது. இரண்டும் அடைத்தால் கைக்கு ரத்தம் போக வழியில்லை.

3. குத்துவதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் ட்ரான்ஸ்டியூசர், அதாவது தமனியின் அழுத்தத்தை மானிட்டருக்கு அனுப்பும் கருவி. புதியவர்கள் இதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள். லைன் உள்ளே போனபின் "சிஸ்டர், பிரஷர் பேக் ஏத்தியாச்சா?" என்று கேட்டால், டியூப்பில் காற்றை எடுத்து முடிப்பதற்குள் கேனுலாவில் ரத்தம் உறைந்துவிடும். பிரஷர் பேக்கை (சலைன் பையை அமுக்கிப் பிடிக்கும் உறை) 300 மி.மீ. பாதரச அளவுக்கு ஏற்றி, டியூப் முழுக்க சலைன் நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் தட்டி எடுத்து, ஜீரோ செய்து (வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பூஜ்யமாகக் குறித்து) வைத்த பிறகுதான் கையுறை போட வேண்டும்.

பேக்கில் தொங்குவது சாதா சலைன்தானா என்று லேபிளைப் படித்துப் பாருங்கள். டெக்ஸ்ட்ரோஸ் தொங்கிவிட்டால், லைனில் எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை பொய்யாக ஏறிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் ஏற்றினால் நோயாளி தாழ்சர்க்கரையில் போய்விடுவார். பாம்புக்கடியிலும் டெங்குவிலும் ஹெப்பாரின் கலக்க வேண்டாம்.

கேனுலாவிலிருந்து ட்ரான்ஸ்டியூசர் வரை போகும் டியூப் கடினமான பிரஷர் லைனாக இருக்க வேண்டும். ஸ்டோரில் இல்லை என்று சாதா எக்ஸ்டென்ஷன் லைனை மாட்டிவிடுவது சின்ன மருத்துவமனைகளில் சகஜம். அந்த மெத்தென்ற டியூப் அலையின் வீச்சை விழுங்கிவிடும், சிஸ்டாலிக் குறைந்து காட்டும்.

கேனுலாவுக்கு ஆர்ட்டீரியல் கேனுலா இருந்தால் நல்லது. இல்லாத இடங்களில் சிரையில் போடும் 20 கேஜ் பிங்க் வென்ஃப்ளானையே பயன்படுத்துகிறார்கள். அப்படிச் செய்தால் மேலே மருந்து ஏற்றும் மூடி இல்லாத வகையை எடுங்கள். மூடி இருந்தால் நடுராத்திரியில் யாராவது அதில் மருந்து ஏற்றுவார்கள். கைடுவயர் (கேனுலாவுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி) உள்ள செட் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

சுத்தம்: தொப்பி, மாஸ்க், ஸ்டெரைல் கையுறை, நடுவில் துளையுள்ள சிறிய டிரேப். 2 சதவீத குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஆல்கஹாலைத் தடவிக் காய விடுங்கள், துடைக்க வேண்டாம். ப்ரோப் கவர் இல்லையென்றால் ஸ்டெரைல் கையுறையை மாட்டலாம், உள்ளே கொஞ்சம் ஜெல் விட்டு, காற்று நிற்காமல் இழுத்துப் பிடித்து. ஸ்கேன் அறையிலிருந்து வரும் பாட்டில் ஜெல் ஸ்டெரைல் அல்ல. அதைக் கவருக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், தோல் மீது ஸ்டெரைல் ஜெல் அல்லது சலைன்.

மெஷின்: அதிக அதிர்வெண் கொண்ட லீனியர் ப்ரோப், 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தால் நல்லது. ஆழத்தை 2 செ.மீ.க்குக் குறையுங்கள். 5 செ.மீ. ஆழத்தில் விட்டுவிட்டு "தமனி கடுகு மாதிரி தெரியுது சார்" என்பவர்கள் நிறைய. நடுக்கோட்டைப் போடுங்கள். ப்ரோப்பின் ஒரு ஓரத்தை விரலால் தட்டி, திரையில் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்து இடம் வலம் சரிசெய்யுங்கள். திரை, நோயாளியின் கை, உங்கள் கண் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்படி மெஷினைக் கட்டிலின் எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவரின் கை நிச்சயம் விலகும்.

இன்னொன்று. ஸ்கேன் மெஷின் எதுவாக இருந்தாலும், கழுத்தில் லைன் போட மட்டும் வாங்கியது என்றாலும், 1994-ஆம் ஆண்டின் கருவின் பாலினம் கண்டறிதலைத் தடுக்கும் சட்டத்துக்குள் வருகிறது. உங்கள் மருத்துவமனையின் பதிவில் அந்த மெஷினும் அதைப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நண்பரின் நர்சிங் ஹோமிலிருந்து ஒரு நாளைக்கு இரவல் வாங்கும் பேச்சே வேண்டாம்.

கையை வைக்கும் விதம்: மணிக்கட்டுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து லேசாகப் பின்னால் வளைத்து, உள்ளங்கையைப் பலகையோடு சேர்த்து பிளாஸ்திரி ஒட்டுங்கள். அதிகம் வளைத்தால் தமனி நசுங்கிச் சப்பையாகும், திரையிலேயே அது தெரியும். லைன் போட்டு முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும், வளைத்தே வைத்திருந்தால் மீடியன் நரம்பு இழுபடும்.

4. தமனிதானா என்று உறுதி செய்வது

ரேடியலுக்கு இரண்டு பக்கமும் சின்னச் சிரைகள் ஒட்டி ஓடும். லேசாக அமுக்கினால் சிரைகள் மறையும், தமனி வட்டமாக நின்று துடிக்கும். ஷாக்கில் இருப்பவருக்குத் தமனியும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். அதனால் முழுதாக அமுக்காமல் பாதி அமுக்கிப் பிடித்து, துடிக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர்.

இந்த இடத்தில் நடக்கும் தப்பு ப்ரோப்பை அழுத்திப் பிடிப்பது. வயலிலும் வெயிலிலும் உழைத்து இளைத்த கைகளில் தமனி தோலிலிருந்து 2 மி.மீ. ஆழத்துக்குள்ளேயே இருக்கும், ப்ரோப்பின் எடையே அதை மூடிவிடும். ஜெல்லைத் தாராளமாக விட்டு, சுண்டுவிரலை நோயாளியின் கையில் ஊன்றிக்கொண்டு, ஜெல் மீது ப்ரோப் மிதக்கிற மாதிரி பிடியுங்கள்.

விழித்திருப்பவருக்கு மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் அரை முதல் ஒரு மி.லி. போதும். சிரிஞ்சில் காற்று இருக்கக் கூடாது. தோலடியில் போன குமிழி திரையை மறைத்துவிடும், அப்புறம் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

5. முதல் முறை: ஷார்ட் ஆக்சிஸ், ப்ரோப்பை அசைக்காமல்

வாழைத்தண்டை வட்டமாக நறுக்கினால் தெரியும் முகம் ஷார்ட் ஆக்சிஸ், நீளவாக்கில் பிளந்தால் தெரிவது லாங் ஆக்சிஸ். ஷார்ட் ஆக்சிஸில் தமனி ஒரு வட்டம், ஊசி ஒரு புள்ளி. ப்ரோப்பை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, வட்டத்துக்குள் புள்ளி வரும்வரை குத்துவது இந்த முறை.

கற்க எளிது. இடம் வலம் விலகல் உடனே தெரியும், பக்கத்துச் சிரையும் நரம்பும் கண்ணில் படும். ஆனால் ப்ரோப்பிலிருந்து இறங்கும் அலைக்கற்றையை ஊசி எந்த இடத்தில் கடந்தாலும் ஒரே மாதிரிப் புள்ளிதான் தெரியும். புள்ளியைப் பார்த்த பிறகும் ஊசியைத் தள்ளினால், முனை அலைக்கற்றையைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருக்கும், திரையில் புள்ளி மட்டும் அப்படியே நிற்கும். பின்சுவர் கிழிவது இப்படித்தான்.

கோணத்தில் ஒரு கணக்கு உண்டு. 45 டிகிரியில் குத்தினால், ஊசி நுழையும் இடத்துக்கும் அலைக்கற்றைக்கும் இடையே உள்ள தூரம் தமனியின் ஆழத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். கழுத்துச் சிரையில் இது சரியாக வரும். மணிக்கட்டில் தமனி 3 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, ப்ரோப்பின் ஓரத்திலிருந்து நடுவே சுமார் 5 மி.மீ. தள்ளி இருக்கும். ஓரத்தை ஒட்டிக் குத்தினாலும் 45 டிகிரியில் போனால் அலைக்கற்றையை அடைவதற்கு முன்பே தமனியைத் தாண்டியிருப்பீர்கள். அதனால்தான் மணிக்கட்டில் 30 டிகிரிக்குத் தாழ்த்திக் குத்தச் சொல்கிறோம். முன்கை நடுவில் 8 மி.மீ. ஆழத்துக்கு 45 டிகிரி சரி.

6. இரண்டாவது முறை: ஷார்ட் ஆக்சிஸில் முனையைத் தொடர்ந்து போவது

புதியவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது இதைத்தான். ப்ரோப்பும் ஊசியும் மாறி மாறி நகரும். இரண்டும் ஒரே நேரத்தில் நகரவே கூடாது.

ஊசியை மெல்ல நுழைத்து, தோலுக்குக் கீழே புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள். ஊசியை அசைக்காமல் ப்ரோப்பை முழங்கைப் பக்கமாக ஒன்றிரண்டு மி.மீ. நகர்த்துங்கள். புள்ளி மறைய வேண்டும். மறைந்தால், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது முனைதான். மறையாவிட்டால் முனை இன்னும் முன்னால் இருக்கிறது, மறையும்வரை ப்ரோப்பை நகர்த்துங்கள். இப்போது ப்ரோப்பை அசைக்காமல் ஊசியை மெல்லத் தள்ளுங்கள், புள்ளி திரும்பத் தெரியும். மறுபடி ப்ரோப், மறுபடி ஊசி.

ஒவ்வொரு படியிலும் புள்ளி தமனியின் மேல்சுவரை நெருங்கிவரும். சுவரைத் தொட்டதும் அது உள்ளே குழிந்து, வட்டம் பிறைபோல் ஆகும். பதற்றப்படாமல் சின்னதாக ஒரு தள்ளு. சுவர் நிமிரும், கறுப்பு வட்டத்துக்கு நடுவே வெள்ளைப் புள்ளி நிற்கும்.

கைதேர்ந்தவரும் தொடங்குபவரும் பிரியும் இடம் இதுதான். ஊசியின் முனை பிளாஸ்டிக் கேனுலாவைவிட ஒன்றிரண்டு மி.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தம் வந்தது என்றால் ஊசி உள்ளே போனது என்று மட்டுமே அர்த்தம், கேனுலா இன்னும் வெளியில்தான். ரத்தத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் கேனுலாவைத் தள்ளினால் அது சுவரில் முட்டிச் சுருங்கும். எனவே ரத்தத்தை மறந்துவிட்டுத் திரையைப் பாருங்கள். ஊசியின் வாலைத் தாழ்த்தி, அதே மாறி மாறி நகர்த்தும் முறையில், புள்ளியை வட்டத்தின் நடுவிலேயே வைத்துக்கொண்டு இன்னும் 5 முதல் 10 மி.மீ. உள்ளே போங்கள். புள்ளி பின்சுவரை நோக்கி இறங்கினால் வாலை இன்னும் தாழ்த்துங்கள், மேல்சுவரில் ஒட்டினால் கொஞ்சம் உயர்த்துங்கள். அதன்பிறகு கேனுலாவைத் தள்ளினால் தடையே இருக்காது.

வழக்கமான சறுக்கல்கள் மூன்று. ப்ரோப் நகரும்போது ஊசிக் கையும் கூடவே நகர்வது. ஊசிக் கையை நோயாளியின் உள்ளங்கையில் ஊன்றிக்கொண்டால் இது நிற்கும். ஒரே தள்ளில் அரை செ.மீ. போவது. மூன்றாவது, புள்ளி காணாமல் போனதும் ஊசியால் தேடுவது. தேட வேண்டியது ப்ரோப்பால்.

பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு முன்கைத் தசைகள் துடித்துக்கொண்டே இருக்கும். ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், அல்லது போதுமான மயக்கம் கொடுத்த பிறகு தொடங்குங்கள்.

7. மூன்றாவது முறை: லாங் ஆக்சிஸ்

முதலில் ஷார்ட் ஆக்சிஸில் தமனியை நடுக்கோட்டில் வைத்து, அங்கிருந்து ப்ரோப்பை 90 டிகிரி திருப்புங்கள். இரண்டு சுவரும் பளிச்சென்று கோடுகளாகத் தெரிய வேண்டும். தமனி மிக அகலமாகத் தெரியும் இடமே அதன் நடு. ஊசியை ப்ரோப்பின் குறுகிய முனையின் நட்ட நடுவில், சுமார் 30 டிகிரியில் நுழையுங்கள். ஊசி முழுதாக, முனையோடு, தெரிய வேண்டும்.

இதன் லாபம் பெரியது. மேல்சுவரைத் தொடுவது, உள்ளே போவது, பின்சுவருக்கு இன்னும் எவ்வளவு இடம் என்பது, கேனுலா ஊசியைவிட்டு நழுவி முன்னேறுவது எல்லாம் ஒரே படத்தில் வரும்.

சிக்கலும் இருக்கிறது. அலைக்கற்றைக்கு ஒரு தடிமன் உண்டு. அந்தத் தடிமனுக்குள் வருவதை எல்லாம் மெஷின் ஒரே தளத்தில் வரைந்துவிடும். 2 மி.மீ. தமனியில் இது பெரிய விஷயம்: ஊசி தமனியின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பதுபோலத் தெரியும். "ஊசி உள்ளதான் சார் இருக்கு, ரத்தம் வரல" என்று ஒருவர் சொன்னால் அநேகமாக இதுதான் நடந்திருக்கும். ஊசியை அசைக்காமல் ப்ரோப்பை ஷார்ட் ஆக்சிஸுக்குத் திருப்பிப் பாருங்கள், எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஊசி படத்திலிருந்து மறைந்தால் தள்ளுவதை உடனே நிறுத்துங்கள். வளைந்து நெளிந்த தமனியில் இந்த முறை வேண்டாம், ஒரே தளத்தில் அது அகப்படாது. லீனியர் ப்ரோப் நீளமாக இருந்தால் குட்டைக் கைகளிலும் குழந்தைகளிலும் வைக்கவே இடம் போதாது. ஹாக்கி ஸ்டிக் எனப்படும் சிறிய ப்ரோப் இருந்தால் தப்பிக்கலாம்.

ப்ரோப்பைச் சாய்வாக வைக்கும் நடுவழி முறையும், இரண்டு தளத்தையும் ஒரே நேரத்தில் காட்டும் மெஷின்களும் இருக்கின்றன. முதலாவதை மற்ற மூன்றும் பழகியபின் முயன்று பாருங்கள். இரண்டாவது வசதி நமது பக்கத்து ஐசியுக்களில் அபூர்வம்.

8. எதை எப்போது எடுப்பது

என் வரிசை இது. சாதாரணமாக இரண்டாவது முறை. சிறிய தமனி, ஷாக்கில் சுருங்கிய தமனி, வளைந்த தமனி, முன்கை நடுப்பகுதி, உறையாத ரத்தம் எல்லாவற்றுக்கும் அதுதான். நேரான, 2.5 மி.மீ.க்கு மேல் அகலமான தமனியாக இருந்து, ஊசியை ஒரே தளத்தில் பிடிக்கும் கை பழகியிருந்தால் லாங் ஆக்சிஸ் சுகமாக இருக்கும். சுண்ணாம்பு படிந்த தமனியில், ஷார்ட் ஆக்சிஸில் படிவு இல்லாத துண்டைத் தேடிப் பிடித்து அங்கே போடுங்கள்.

முதல் முறையைத் தனியாக நம்ப வேண்டாம். உள்ளே போனபின் 90 டிகிரி திருப்பி லாங் ஆக்சிஸில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் அதன் குறை பாதி தீர்ந்துவிடும். இதற்குச் சில நொடிகளே ஆகும்.

9. ரத்தம் வருகிறது, கேனுலா ஏறவில்லை

பலம் கொடுத்துத் தள்ளாதீர்கள். ஷார்ட் ஆக்சிஸில் பாருங்கள். முனை மேல்சுவரிலேயே இருந்தால் இன்னும் உள்ளே போக வேண்டும். பின்சுவரில் செருகியிருந்தால், படத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லப் பின்னிழுத்து, முனை நடுவுக்கு வந்ததும் வாலைத் தாழ்த்தி முன்னேறுங்கள். நடுவிலேயே இருந்தும் ஏறவில்லையென்றால் கைடுவயரை விடுங்கள். வயரும் தடைபட்டால் விட்டுவிடுங்கள், வளைத்து நெம்பினால் உட்சுவர் உரியும்.

வெயிலில் காய்ந்து தடித்த தோலில் கேனுலாவின் நுனி நுழையும்போதே சிதைந்துவிடும். அப்படிச் சிதைந்த கேனுலா தமனிக்குள் ஏறாது. பெரிய ஊசியின் முனையால் தோலில் மட்டும் சின்னதாகக் கீறிவிட்டுத் தொடங்குங்கள். ஊசியை வெளியே எடுத்தபின் அதே கேனுலாவுக்குள் மறுபடி செருகவே கூடாது. பிளாஸ்டிக் அறுந்து துண்டாகி உள்ளே போகும்.

இரண்டு முயற்சிக்கு மேல் போனால் ஆளை மாற்றுங்கள். ஒவ்வொரு குத்துக்கும் தமனி இறுகிக்கொண்டே போகும்.

10. இணைத்த பிறகு

ட்ரான்ஸ்டியூசரை நான்காவது விலா இடைவெளி, அக்குள் நடுக்கோடு சந்திக்கும் மட்டத்தில் வையுங்கள். 10 செ.மீ. கீழே இறங்கினால் அழுத்தம் சுமார் 7.5 மி.மீ. பாதரசம் கூடிக் காட்டும். கட்டிலை ஏற்றி இறக்கும்போதெல்லாம் இதைத் திரும்பப் பாருங்கள், நார்அட்ரினலின் அளவை இந்த எண்ணை வைத்துத்தான் மாற்றுகிறோம்.

ட்ரான்ஸ்டியூசரில் உள்ள ஃபிளஷ் வால்வை ஒரு நொடி இழுத்து விடுங்கள். சதுர அலைக்குப் பின் ஒன்று அல்லது இரண்டு அதிர்வுகள் வந்து அடங்கினால் சரி. அதிர்வே இல்லாமல் மழுங்கி விழுந்தால் குமிழி, ரத்தக்கட்டி, மடிப்பு, அல்லது மூன்றாம் பிரிவில் சொன்ன மெத்தென்ற டியூப். அப்போது சிஸ்டாலிக்கை நம்பாமல் சராசரி அழுத்தத்தைப் பாருங்கள், அது அவ்வளவாகக் கெடாது. சிரிஞ்சால் ஃபிளஷ் செய்தால் ஒன்றிரண்டு மி.லி. மட்டும், மெதுவாக. வேகமாக அடித்தால் குமிழியும் கட்டியும் பின்னோக்கி மூளைவரை போகலாம்.

ஒட்டுவதுதான் நம் ஊரில் தனிப் பாடு. ஐப்பசி கார்த்திகைப் புழுக்கத்திலும், பூச்சிமருந்து நோயாளியின் வியர்வையிலும் ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங் சில மணி நேரத்தில் உரிந்து வந்துவிடும். தோலிலிருந்து ஜெல்லைச் சுத்தமாகத் துடைத்து, உலர்த்தி, பிறகு ஒட்டுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு தையல் போடுங்கள். சிவப்பு லேபிளில் தமிழிலேயே பெரிதாக எழுதுங்கள்: "தமனி லைன். மருந்து ஏற்றக் கூடாது." கை போர்வைக்கு வெளியே, கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இணைப்பு கழன்றால் சில நிமிடத்தில் படுக்கை நனையும். லாக் போட்ட இணைப்பும் அலாரமும் அதனால் கட்டாயம்.

விரல்களின் நிறத்தையும் சூட்டையும் ஷிஃப்டுக்குப் பலமுறை பாருங்கள். விரல் வெளுத்தாலோ வலித்தாலோ லைனை எடுங்கள், அலை அழகாக வருகிறதே என்று பார்க்காதீர்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்தோ வேதாரண்யத்திலிருந்தோ தஞ்சைக்கு 108-ல் அனுப்பும்போது, வண்டியில் பிரஷர் மானிட்டரும் அதைப் பார்க்க ஆளும் இல்லையென்றால், எடுத்து அழுத்திக் கட்டி அனுப்புவதே என் வழக்கம்.

11. கை பழகுவதற்கு

நோயாளியின் கையில் கற்கத் தொடங்க வேண்டாம். மளிகைக் கடையில் கிடைக்கும் சைனா கிராஸைக் கெட்டியாகக் காய்ச்சி ஒரு டப்பாவில் ஊற்றி, திருவிழாக் கடைகளில் விற்கும் நீளமான பலூனில் காற்றில்லாமல் தண்ணீர் நிரப்பி, கலவை சூடு ஆறி உறைவதற்குள் அதில் பதித்துவிடுங்கள். தண்ணீரில் சிவப்பு மை கலந்தால் ரத்தம் வருவதும் தெரியும். பலூனைக் குத்தாமல், புள்ளி மறைவதையும் தோன்றுவதையும் மட்டும் முதலில் பழகுங்கள். அப்புறம் பலூனுக்குள் முனையை நடுவிலேயே வைத்துக்கொண்டு ஒரு செ.மீ. நடத்திப் பாருங்கள்.

12. எடுக்கும்போது

தேவை முடிந்த அன்றே எடுங்கள். எடுத்ததும் குறைந்தது 5 நிமிடம் விரலால் அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து, இடையில் தூக்கிப் பார்க்காமல். விஷக்கடி, டெங்கு, கல்லீரல் நோயாளிகளுக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். கேனுலா முழுதாக வந்திருக்கிறதா என்று நுனியைப் பாருங்கள்.

அதே மணிக்கட்டில் மறுபடி லைன் தேவைப்பட்டால், முதலில் ப்ரோப்பை வைத்து ஓட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த தமனி அமுக்கினாலும் மூடாது, டாப்ளரில் நிறம் வராது. அப்படியிருந்தால் அந்தக் கையின் அல்நாரையும் தொடாமல் மறு கைக்குப் போங்கள்.